முன்சக்கரத்துப் படம்

நேரலையில் சாமி முகம் தெளிவாகத் தெரிய வேண்டுமென்றால் கொஞ்சம் காத்திருக்கத்தான் வேண்டும், ஐயா. இதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை.

கேமராவின் படத்தைச் சுருக்கி அனுப்பும் பெட்டிக்கு என்கோடர் என்று பெயர். அதற்கு அவகாசம் கொடுத்தால், படத்தைத் தன்னிடம் வைத்துச் சீர்செய்து பளிச்சென்று அனுப்பும். அவசரப்படுத்தினால் உடனே அனுப்பிவிடும். ஆனால் படம் கட்டம் கட்டமாக உடையும். வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு ஐந்தாறு விநாடி தாமதம் ஒரு பொருட்டே இல்லை.

தேருக்குப் பின்னால் இருப்பவருக்கு அப்படியில்லை. கீரப்பாளையத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் எங்கள் ஊரில், தேரைப் பின்னாலிருந்து புல்டோசர் தள்ளும். அதை ஓட்டும் சுப்புராயன் மாமாவுக்கு முன்சக்கரம் தெரியாது. அதனால் அவர் எதிரே ஒரு சின்னத் திரை வைத்து, முன்சக்கரத்துப் படத்தைத் தாமதமில்லாமல் அனுப்புவது என் வேலை. திருப்பாதிரிப்புலியூரில் வீடியோ கடை வைத்திருக்கும் என்னைத்தான் வருஷா வருஷம் கூப்பிடுவார்கள்.

முன்சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவன் ராஜ்கமல், என் நண்பன். மற்றவர்கள், திரையில் பார்க்கும் மாமா நிறுத்துவதற்காகத் துண்டை உயர்த்திக் காட்டி, தேர் நின்ற பிறகே குனிவார்கள். அவன் துண்டை உயர்த்தும்போதே குனிந்துவிடுவான். "மாமா கால் பிரேக்லயே இருக்கும் மச்சான், எனக்கு என்னா பயம்?" என்பான். ஊரே அதை ரசித்தது. நானும் நல்ல கோணம் பார்த்து எடுத்துக் காட்டியிருக்கிறேன்.

வினோதினியைக் கேட்கலாம் என்று நான் மனதுக்குள் வைத்திருந்தது அவனுக்கு மட்டும்தான் தெரியும். நான் வாய் திறப்பதற்குள் அவன் பெண் கேட்டுவிட்டான். கல்யாணம் சிதம்பரத்தில். வீடியோ எடுத்தது நான். தாலி கட்டியதும் கேமராவைப் பார்த்து, "என்னா மச்சான், லேட்டாயிடுச்சா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அதை வெட்டாமல்தான் போட்டுக் கொடுத்தேன். அன்றிலிருந்து எனக்கு லேட்டு என்றே பெயர் வைத்துவிட்டான். வினோதினியும் ஒருமுறை அப்படிக் கூப்பிட்டாள். எனக்குக் கோபமெல்லாம் இல்லை. இருந்திருந்தால் அன்றைக்கே ஏதாவது செய்திருப்பேன்.

இந்த வருஷம் கோயில்காரர்கள், போன தடவை படம் உடைந்தது என்று குறைப்பட்டார்கள். நியாயமான குறை. தெளிவான படத்துக்கு மாற்றினேன். மாமாவின் திரைக்கும் அதையே மாற்றினேன். மறதியில் நடந்துவிட்டது என்று காலையில் உங்களிடம் சொன்னது பொய். கடையிலேயே சோதித்துப் பார்த்திருந்தேன். நான் கையை உயர்த்தி இறக்கிய பிறகுதான் திரையில் கை உயர்ந்தது. அது போதும் என்று பட்டது.

புருஷனை டிவியில் பார்க்கலாம் வா என்று வினோதினியை நான்தான் நேரலை அனுப்பும் என் வண்டிக்குள் கூப்பிட்டு உட்கார வைத்தேன். முதல் மூலையில் தேர் திரும்பும்போது வெளியே கூட்டம் அலறியது. அவள் பதறி எழுந்தாள். திரையில் ராஜ்கமல் துண்டால் முகம் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அப்பாடா, அவுரு நிக்கிறாரு," என்றாள்.

"நல்லாப் பாரு," என்றேன்.

திரையில் அவன் துண்டை உயர்த்தினான். குனிந்தான்.

அவனைக் கொன்றது நான்தான், ஐயா. சுப்புராயன் மாமாவை விட்டுவிடுங்கள். ஆனால் அவன் செத்த பிறகும் அவளுக்கு அவனை உயிரோடு காட்டியவன் நான். அவளுக்கு வேறு யார் அவ்வளவு செய்திருப்பார்கள்? அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.