அக்காவைக் கேளுங்கள்

எங்கள் வீட்டில் காலைத் தேநீர் போடுவது நான்தான். மனைவிக்கு இஞ்சி தூக்கலாக இருக்க வேண்டும், எனக்குச் சர்க்கரை ஆகாது. கல்யாணம் ஆனதிலிருந்து இது ஒருநாளும் தவறியதில்லை. நான் எப்படிப்பட்ட கணவன் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் முதலில் இதைச் சொல்கிறேன்.

எனக்கு வேலை, தொழில் செய்திகள் போடும் ஓர் இணையதளத்தில். அதில் 'அக்காவைக் கேளுங்கள்' என்று ஒரு பகுதி உண்டு. புதிதாகக் கடை போடுகிறவர்கள், வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஏதாவது தொடங்கத் துடிக்கிறவர்கள் எல்லாம் கேள்வி அனுப்புவார்கள். அக்கா பதில் சொல்வார். அந்த அக்கா நான்தான். மீசை வைத்த அக்கா என்று ஆசிரியர் கிண்டல் செய்வார். பெண் குரலில் எழுதினால்தான் மனம் விட்டுக் கேட்கிறார்கள் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. எழுதுவது யார் என்று வீட்டில்கூட மூச்சுவிடக் கூடாது என்பதும் அவர் கட்டளை. அதனால் வீட்டில் நான் பங்குச்சந்தைச் செய்திகளைத் திருத்துகிறவன்.

ஒருநாள் மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, வந்திருந்த கேள்விகளைப் படித்துக்கொண்டிருந்தேன். அறுவை சிகிச்சைக்குப் பிறகு கை தூக்க முடியாதவர்களுக்காக, தோளில் பட்டன் வைத்துத் திறக்கிற மாதிரி ஓர் உடுப்பு தைத்திருப்பதாக ஒரு பெண் எழுதியிருந்தாள். கூடப்பிறந்த அக்காவுக்குத் தோளில் ஆபரேஷன் ஆனபோது தைத்துக் கொடுத்தாளாம். வார்டில் இருந்த நர்ஸ் அதைப் பார்த்துவிட்டு, சேர்ந்து தொழிலாகச் செய்யலாம் என்கிறாளாம். கேள்வியில் பெயர் இல்லை. எனக்குத் தேவையும் இல்லை. அந்த உடுப்புக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தவனே நான்தான்.

யோசனை அருமையானது. எத்தனையோ பேருக்குப் பதில் எழுதியிருக்கிறேன். இது நிச்சயம் ஜெயிக்கும் என்று படித்தவுடனே தோன்றியது அது ஒன்றுதான். கடைசியில் இப்படி எழுதியிருந்தாள்: "வீட்டுக்காரர் நல்லவர்தான் அக்கா. ஆனா மூச்சு முட்டுது. சொந்தக் கால்ல நின்னுட்டா, கொஞ்ச நாள் தனியா இருந்து பாக்கணும்."

எனக்குக் கோபம் வரவில்லை. டப்பாவில் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன், அவள் கட்டிக் கொடுத்ததாயிற்றே. பிறகு, தளத்தில் போடாமல் அவளுக்கு மட்டும் தனியாகப் பதில் அனுப்பினேன். கூட்டாளியெல்லாம் வேண்டாம் தங்கச்சி, நாளைக்கு அவளே உன் யோசனையைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவாள் என்று.

அன்று சாயங்காலம் மனைவி கேட்டாள்: "உங்க ஆபீஸ்லதானே அந்த அக்கா எழுதுறாங்க? ஆளு எப்படி இருப்பாங்க?"

"நான் பார்த்ததே இல்லம்மா. வீட்ல இருந்தே எழுதி அனுப்பிடுவாங்க. ஏன், உனக்கு ஏதாவது கேக்கணுமா?"

"ச்சே, சும்மாதான் கேட்டேன்."

என்னிடம் பொய் சொன்னாள். அது கொஞ்சம் வலித்தது.

நர்ஸுடன் பேச்சு நின்றது. ஆனாலும் உடுப்பைப் பற்றிக் கேள்விப்பட்டு ஒரு மருத்துவமனையே அவளைத் தேடி வந்தது. உடனே சரி என்றால் மலிவாக நினைப்பார்கள், முதலில் மறுத்துவிடு, மறுபடி வந்து கெஞ்சுவார்கள் என்றார் அக்கா. மறுத்தாள். அவர்கள் வரவேயில்லை. அவள் அழுதபோது தலையைத் தடவிக் கொடுத்து, "விடும்மா, உன் மேல தப்பில்ல" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அவள் மேல் தப்பு இல்லைதானே.

அப்புறம், தையலில் குறையே இல்லாமல் வரும்வரை யார் கண்ணிலும் காட்டாதே என்றார் அக்கா. தைத்தாள், பிரித்தாள், மறுபடி தைத்தாள். வெளியே போவதை விட்டாள். கேள்விகள் மட்டும் பெருகின; அக்காவுக்குத் தளத்தில் வருவதெல்லாம் என் கைபேசியிலும் வந்து விழும். பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசலாமா, மதியம் படுக்கலாமா, பசிக்கிறது, இப்போதே சாப்பிடலாமா. ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் போட்டேன். பழைய மாதிரிகள் கண்ணில் படுகிறவரை புத்தி புதிதாக எதையும் யோசிக்காது என்று ஒருமுறை எழுதினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், கத்தரிக்கோலும் கையுமாகத் துணிக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாத்தையும் வெட்டிட்டேங்க" என்று சிரித்தாள்.

நான்தான் கூட்டி அள்ளினேன். கட்டிலுக்கு அடியில் உருண்டு கிடந்த பட்டன்களைக்கூட விடவில்லை, காலில் குத்திவிடும் பாருங்கள்.

அந்த நர்ஸ் இப்போது வேறொருத்தியோடு சேர்ந்து அதே உடுப்பைத் தைத்து விற்கிறாள். எங்கள் தளத்திலேயே அவள் பேட்டி வந்தது. எழுத்துப் பிழை திருத்திக் கொடுத்தேன்.

போன வாரம் மனைவியின் சொந்த அக்கா வந்தார். தங்கையைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "என்னடி இது, எலும்பும் தோலுமா இருக்க? கெளம்பு. எங்கூட வந்து கொஞ்ச நாள் இரு."

முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று மனைவி குளியலறைக்குள் போனாள். என் சட்டைப் பையில் கைபேசி அதிர்ந்தது. 'எங்கக்கா கூப்பிடுறா. போகட்டுமா?'

வந்தவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டு, பால்கனிக்குப் போய் எழுதினேன். போனால் தோற்று ஓடியதாக ஆகிவிடும், இனிமேல் இங்கே வர வேண்டாம் என்றும் உன் அக்காவிடம் கறாராகச் சொல்லிவிடு, உன்னைத் தாங்குகிறவர் உன் வீட்டிலேயே இருக்கிறார் என்று.

மனைவி வெளியே வந்தாள். முகத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "நான் வரல. நீயும் இனிமே இங்க வராத."

அவர் என்னைப் பார்த்தார். "நீங்களாவது சொல்லுங்களேன் தம்பி."

"அவ இஷ்டம்ங்க. நான் எதுலயும் தலையிடுறதில்ல."

அழுதுகொண்டே படியிறங்கிப் போனார். ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டுத்தான் வந்தேன்.

நேற்று ஆபீஸில் இருந்தபோது மனைவியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அதிசயமாக அதில் கேள்வியே இல்லை. 'நீங்க மட்டும் இல்லேன்னா நான் என்ன ஆகியிருப்பேனோ அக்கா. ரொம்ப நன்றி' என்று இருந்தது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த வேலையில் நன்றி சொல்கிறவர்கள் குறைவு.