தர்மராஜ் சாருக்கு அடுத்தவர்

பொழுது சாய்ந்து நன்றாக இருட்டிவிட்ட நேரம். சதுரங்கப்பட்டினத்துக்கு வடக்கே, சவுக்குத் தோப்பை ஒட்டிக் கடலுக்குப் போகும் மணல் ரோடு. விளக்கு கிடையாது. வீடு கிடையாது. சவுக்கு ஊசிகளுக்குள் காற்று மட்டும் 'ஸ்ஸ்...' என்று போய்க்கொண்டிருக்கிறது. அந்த ரோட்டில், கண்களைத் துணியால் கட்டிக்கொண்டு, முன்னால் போகிறவர் தோளில் பின்னால் வருகிறவர் கை வைத்தபடி, ஒரு வரிசை நடந்து வருகிறது.

பேய்கள் இல்லை. பேராசிரியர்கள்.

சிரிக்காதீர்கள். கரண்ட் வர இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும். இந்த மொட்டை மாடியில் காற்று வருகிறதே என்று தள்ளித் தள்ளி உட்கார்ந்திருக்கிறீர்கள்... கொஞ்ச நேரத்தில் நீங்களே நெருங்கி வருவீர்கள். நடந்தது 2003இல். என் நண்பன் பாலசுப்ரமணியனின் அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. பெயர் தமிழ்வாணன். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் இணைப் பேராசிரியர்.

"எந்த காலேஜ் சார்? எங்க பொண்ணுக்கு அப்ளிகேஷன் போடணும்" என்கிறார் இரண்டாவது மாடி பிரதீபா.

பெயர் சொல்ல மாட்டேன் அம்மா. சொன்னால் வக்கீல் நோட்டீஸ் வரும். பேய்க்கு அந்தப் பழக்கம் இல்லை.

அந்தக் கல்லூரியில் டீன் பதவி காலியாக இருந்தது. நியாயப்படி அது உடற்கூறியல் பேராசிரியர் தர்மராஜுக்குப் போயிருக்க வேண்டும். எல்லோரிலும் மூத்தவர். பிணங்களோடும் ஃபார்மலினோடும் முப்பது வருடம் இருந்தவர். அவர் வராந்தாவில் திரும்புவதற்குள் அந்த மருந்து வாடையில் நமக்குக் கண் எரியும். ஒவ்வொரு வருடமும் சேர்மன் அவரிடம், "அடுத்த வருசம் பாத்துக்கலாம் சார்" என்பார். தர்மராஜும் பார்த்துக்கொண்டே இருந்தார். பார்த்துக்கொண்டே ஒரு நாள் செத்துப்போனார். இரங்கல் கூட்டத்தில் இரண்டு நிமிட மௌனம். முதல் நிமிடம் துக்கம். இரண்டாவது நிமிடத்தில் எல்லோரும் மனசுக்குள் சீனியாரிட்டி போட்டுக்கொண்டிருந்தார்கள் என்று தமிழ்வாணன் சத்தியம் செய்கிறார். அவரும் போட்டாராம்.

சரி, தர்மராஜுக்கு அடுத்தவர் யார்? அங்கேதான் சிக்கல். அறுவை சிகிச்சைத் துறை ராஜாராமும் பொது மருத்துவம் விஜயகுமாரியும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவர் முற்பகல். இவர் பிற்பகல்.

"காலையில வந்து கையெழுத்து மட்டும் போட்டார். வேலைக்கு வந்தது அடுத்த வாரம்" என்பார் விஜயகுமாரி.

"ஆனா கையெழுத்து காலையில" என்பார் ராஜாராம்.

உயிர் காக்கும் தொழிலில் இருந்த இரண்டு பேர், பத்து வருடமாக ஒரு மதியச் சாப்பாட்டு நேரத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

சேர்மன் முன்பு செங்கல் சூளை வைத்திருந்தவர். நல்ல கல்லைத் தட்டிப் பார்த்தே எடுத்துவிடுவார். பேராசிரியர்களைத் தட்டிப் பார்த்தபோது எல்லோரிடமிருந்தும் ஒரே சத்தம்தான் வந்தது. எனவே தலைமைப் பண்புப் பயிற்சி முகாம் ஒன்றை ஏற்பாடு செய்தார். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோர ஓட்டல். முகாம் முடிவில் யார் தலைவர் என்று தெரிகிறதோ அவரே டீன் என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டார். ராஜாராம் அன்றே புதுக் கோட்டு தைக்கக் கொடுத்தார். ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம்தான். இப்போது இல்லையென்றால் அவருக்கு எப்போதும் இல்லை.

பயிற்சியாளர் ஆதித்யா என்ற இளைஞர். பெங்களூர். அதற்கு முன் சோப்பு விற்பவர்களுக்குத் தலைமைப் பண்பு கற்றுக்கொடுத்தவர். அவர் கொடுத்த பேட்ஜில் வெறும் பெயர் மட்டும் இருந்தது. காலை முழுவதும் ஆளுக்கொரு பேனாவை எடுத்து, பெயருக்குப் பின்னால் பட்டங்களை எழுதுவதிலேயே போயிற்று. இடம் போதாதவர்கள் பின்பக்கமும் எழுதினார்கள்.

சாயங்காலம் இந்த விளையாட்டு. தலைவருக்கு மட்டும் கண் திறந்திருக்கும். மற்ற எல்லோருக்கும் கட்டு. தலைவர் தோளைப் பிடித்து அடுத்தவர், அவர் தோளைப் பிடித்து அடுத்தவர்... சவுக்குத் தோப்பு வழியாகக் கடற்கரை வரை போய்த் திரும்ப வேண்டும். சேர்மன் ஓட்டல் புல்வெளியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

வெளிச்சம் இருக்கும்போதே முடிந்திருக்க வேண்டிய விளையாட்டு. யார் யாருக்கு முன்னால் நிற்பது என்று முடிவு செய்வதற்குள் சூரியன் போய்விட்டது. தோல் மருத்துவர் கண் மருத்துவருக்குப் பின்னால் நிற்க மறுத்தார். மயக்க மருந்துக்காரர் பணி நியமன உத்தரவின் நகலைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். கடைசியில் முற்பகல் ஜெயித்தது. தலைவர் ராஜாராம். அவர் தோளில் விஜயகுமாரி, விரல் நுனி மட்டும் படும்படி. வால் நுனியில் நம்ம தமிழ்வாணன். அவருக்குப் பின்னால் யாரும் இல்லை.

கிளம்பினார்கள்.

முதலில் புல். பிறகு மணல். சவுக்கு ஊசிகள் காலுக்கடியில் நொறுங்கின. யாரும் பேசவில்லை... பேராசிரியர்கள் இவ்வளவு பேர் சேர்ந்து பேசாமல் இருந்ததே தமிழ்வாணனுக்கு ஒரு மாதிரி இருந்ததாம். உப்புக் காற்று. எங்கோ கருவாடு காயும் நாற்றம். அப்புறம்... வரிசை ஒரு கணம் நின்றது. முன்னால் ஏதோ இடம் மாறுவது போல ஒரு சின்ன அசைவு. மறுபடி நகர்ந்தது.

அப்போதுதான் அந்த வாடை.

மீன் இல்லை. கருவாடு இல்லை. மூக்கின் நடுவே ஊசி போல ஏறியது. கட்டிய துணிக்குள்ளேயே கண்ணீர் வழிந்தது. உடற்கூறியல் கூடத்தின் வாடை... திறந்த கடற்கரையில்.

பிறகு சத்தம். சளக். சளக். யாரும் ஷூவைக் கழற்றவில்லை. தமிழ்வாணனுக்குக் கணுக்கால் நனைந்தது.

"சார், தண்ணி சார்" என்றார், முன்னால் இருந்த தோல் மருத்துவரிடம்.

"முன்னாடி இருக்கறவங்களுக்குத் தெரியாதா? பேசாம வாங்க."

முழங்கால். தொடை. இடுப்பு. தோல் மருத்துவர், பெரிய மனசு பண்ணி, விஷயத்தைத் தனக்கு முன்னால் இருந்தவரிடம் சொன்னார். அவர் அவருக்கு முன்னால் இருந்தவரிடம். கேள்வி தோள் தோளாக மேலே போனது. பதில் இறங்கி வரவில்லை. வரிசை மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

அப்போது கரையிலிருந்து ஒரு கத்தல்.

"யோவ்... இன்னா பண்ணிக்கினு கீறீங்க? சாவப் போறீங்களா?"

கருப்பன். படகை இழுத்து வைத்துவிட்டு வலையை உதறிக்கொண்டிருந்த மீனவர். தண்ணீருக்குள் பாய்ந்து கையில் கிடைத்தவர்களை எல்லாம் இழுக்க ஆரம்பித்தார். கட்டை அவிழ்த்துப் பார்த்தால்... விஜயகுமாரிக்குக் கழுத்து வரை தண்ணீர். ராஜாராமுக்கு வாய் வரை. அவருக்குக் கண் கட்டே இல்லை. விழித்த கண். வலது கையை முன்னால் நீட்டியிருந்தார்... ஒரு தோளின் உயரத்தில்.

கரையில் எல்லோரும் இருமிக்கொண்டு கிடந்தார்கள். கருப்பன் மட்டும் டார்ச்சைக் கடல் மேல் அடித்துக்கொண்டே நின்றார்.

"எல்லாரும் வந்தாச்சுப்பா" என்றார் தமிழ்வாணன்.

"இன்னும் ஒர்த்தரு கொறையுது சார். மொதல்ல ஒர்த்தரு போனாரே, வெள்ளக் கோட்டு போட்டுகினு. அவரு எங்க?"

எண்ணிப் பார்த்தார்கள். யாரும் குறையவில்லை. கருப்பன் நம்பவில்லை. இவர்கள் போன பிறகும் டார்ச் வெளிச்சம் தண்ணீர் மேல் தடவிக்கொண்டிருந்தது.

ஓட்டலில் ஆதித்யாவுக்கு உதறல். ஒருவர் செத்திருந்தாலும் அவர் பிழைப்பு போயிருக்கும். ஆனால் சோப்பு விற்றவர் இல்லையா, சமாளித்துவிட்டார்.

"சார், கவனிச்சீங்களா? கழுத்து வரைக்கும் தண்ணி. ஒருத்தர்கூட ஏன்னு கேக்கல. இந்த மாதிரி லீடரை நான் பார்த்ததே இல்ல."

சேர்மன் சொட்டச் சொட்ட நின்ற ராஜாராமை மேலும் கீழும் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"கடல்ல எறங்குன்னா எறங்கறானுங்க. எனக்கு இதான்யா வேணும்."

அங்கேயே அறிவித்துவிட்டார். கைதட்டல். விஜயகுமாரியும் தட்டினார், ஈரக் கையால், சத்தம் வராமல்.

இரவு, உலர்ந்த சட்டை ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தார் தமிழ்வாணன். ராஜாராம் கட்டிலில் உட்கார்ந்து உள்ளங்கையை முகர்ந்துகொண்டிருந்தார்.

"தமிழ்வாணன்... நான் யாரையும் கூட்டிட்டுப் போகல. தோப்புக்கிட்ட தர்மராஜ் சார் வந்து முன்னாடி நின்னார்."

"அவர் செத்து ஒரு வருஷம் ஆச்சு சார்."

"தெரியும். அதுக்கு? அவர் எனக்கு சீனியர். அவரை எப்படித் தாண்டிப் போறது?"

"இறந்துட்டார் சார்..."

"செத்தா சீனியாரிட்டி போயிடும்னு எந்த ரூல்ல இருக்கு?"

தமிழ்வாணன் கிளம்பினார். கதவு வரை போனவரை ராஜாராம் கூப்பிட்டார். கொஞ்சம் பயந்த குரல். "ஆர்டர் கைக்கு வர்ற வரைக்கும் சேர்மன்கிட்ட சொல்லிடாதீங்க."

பயம் பேயைப் பற்றி இல்லை, பாருங்கள்.

ஆர்டர் வந்தது. ராஜாராம் டீன் ஆனார். புதன்கிழமை தோறும் டீன் ரவுண்ட்ஸ். முன்னால் டீன், பின்னால் பேராசிரியர்கள், அவர்களுக்குப் பின்னால் மற்றவர்கள், பதவி வாரியாக. புது டீன் ஓரமாக, அரை அடி பின்தங்கியே நடந்தார். முன்னால் ஒரு ஆள் இடம் எப்போதும் காலி. படுக்கை அருகே போனால் உடனே நோயாளியைத் தொட மாட்டார். யாரோ பார்த்து முடிக்கட்டும் என்பது போலக் கைகட்டி நிற்பார்... தலையாட்டுவார்... பிறகுதான் தொடுவார். உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று அவருடைய அடக்கத்தைப் பற்றிப் போட்டோவோடு எழுதியது.

"அடக்கமாம். முதுகெலும்பு தேஞ்சு போச்சுன்னு எழுதச் சொல்லுங்க" என்றார் விஜயகுமாரி.

திருப்போரூர்ப் பக்கத்து எல்லம்மாள் என்ற நோயாளி மட்டும் நர்ஸிடம் முறையிட்டார்.

"அந்த மொத டாக்டரு கைய புடிச்சா ஐஸு மாரி கீது. வாடை வேற. ரெண்டாவது டாக்டரு பரவால்ல."

மொத டாக்டர் டீன்தானே என்று நர்ஸ் சிரித்துவிட்டுப் போய்விட்டார். தமிழ்வாணன் சிரிக்கவில்லை. எல்லம்மாள் 'ரெண்டாவது' என்று கை காட்டியது ராஜாராமை.

ராஜாராம் மூன்று வருடத்தையும் முடிக்கவில்லை. இங்கேதான், ஊரப்பாக்கத்தில், தன் வீட்டில், தூக்கத்தில் போனார். இரங்கல் கூட்டம். இரண்டு நிமிடம். இந்த முறை கணக்குப் போட வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. பிற்பகலின் முறை.

விஜயகுமாரி டீன் ஆன முதல் புதன்கிழமை. நிமிர்ந்த நடை. நடுவராந்தா. முன்னால் காலி இடம் இல்லை, அரை அடி பின்தங்கல் இல்லை. "இனிமே ரவுண்ட்ஸ் ரவுண்ட்ஸ் மாதிரி நடக்கும்" என்று சத்தமாகவே சொன்னார். பின்னால் எல்லோரும் வரிசையாக. தமிழ்வாணன் இப்போது வாலில் இல்லை, நடுவுக்கு வந்திருந்தார்.

பெண்கள் வார்டின் வாசல். தள்ளினால் திறந்து தானாக மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் கதவு.

விஜயகுமாரி கதவைத் தள்ளக் கையை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது. மெதுவாக ஓரமாக நகர்ந்தார். முந்தானையை இழுத்து மூக்கை மூடிக்கொண்டார். தலை தானாகக் குனிந்தது.

கதவு திறந்தது. க்ரீச்... டப். மூடிக்கொண்டது. யாரும் தொடவில்லை.

விஜயகுமாரி நகரவில்லை. காத்துக்கொண்டு நின்றார்.

கதவு இன்னொரு முறை திறந்தது. க்ரீச்... டப்.

அதற்குப் பிறகுதான் அவர் உள்ளே போனார்.