எட்டாம் தொட்டிக்கு ஒரு பூட்டு

எனக்கு மீட்டிங் பிடிக்கும். இப்படிச் சொல்கிற ஆளை நீங்கள் அதிகம் பார்த்திருக்க மாட்டீர்கள். நீளமான மேஜை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், இழுபறிக்குப் பிறகு எல்லோரும் ஒரு வார்த்தைக்கு ஒரே பொருள் என்று ஒப்புக்கொள்கிற அந்த நிமிஷம். என் பிழைப்பே அதுதான்.

காகித ஆலை என்றால் வெளியே இருப்பவர்களுக்கு ஒரே ஆலை. உள்ளே ஏழெட்டு ராஜ்ஜியம். பராமரிப்புக்கு ஒரு மென்பொருள், நீராவிக்கு ஒன்று, ஸ்டோருக்கு ஒன்று, சம்பளத்துக்கு ஒன்று. ஒன்று பேசுவது இன்னொன்றுக்குப் புரியாது. அவற்றைப் பேச வைக்கத்தான் நான் பொது விதி எழுதினேன். ஒவ்வொரு மென்பொருளும் தான் என்ன சேவை செய்யும், அதற்கு என்னென்ன விவரம் வேண்டும் என்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். செய்திகள் எல்லாம் நடுவில் என் மையத்தின் வழியாகத்தான் போக வேண்டும்.

விவரங்களில் இரண்டு ரகம். கட்டாயம், விருப்பம். கட்டாய விவரம் புரியவில்லை என்றால் செய்தியை ஏற்கக் கூடாது, மணி அடிக்கும். விருப்ப விவரம் புரியவில்லை என்றால் ஓசைப்படாமல் தள்ளிவிட்டு வேலையைப் பார்க்கலாம். 'தொட்டிக்குள் ஆள் உண்டா' என்பதை நான் கட்டாயத்தில்தான் வைத்திருந்தேன். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கூழ் வேகிற தொட்டிகளுக்குள் இறங்கிச் சுத்தம் செய்கிறவரை ஆலையில் பல்லி என்பார்கள். அவரும் அப்படித்தான் தன்னைச் சொல்லிக்கொள்வார். முன்பெல்லாம் நீராவி வால்வின் கைப்பிடியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டுதான் உள்ளே இறங்குவார். கைப்பிடி அவரிடம் இருக்கும்வரை வெளியே யாரும் வால்வைத் திருக முடியாது. என் திட்டத்தில் வால்வுகள் மின்சாரத்துக்கு மாறின. கைப்பிடி போயிற்று. ஒருநாள் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"என் கைப்பிடி எங்க சார்?"

திரையில் 'தொட்டிக்குள் ஆள்' என்ற கட்டத்தைக் காட்டினேன். "இதுதாங்க இனிமே உங்க கைப்பிடி."

கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "இடுப்புல செருக முடியாதே," என்றார். இருவரும் சிரித்தோம்.

நீராவி மென்பொருளை எழுதியவர் என் தங்கை கணவர். கெட்டிக்காரர், வாய்த்துடுக்கு அதிகம். நான் சிபாரிசு செய்துதான் ஆலைக்கு வந்தார். வந்த கொஞ்ச நாளிலேயே டைரக்டர் அவரைத் தேடிப் பேச ஆரம்பித்தார். மீட்டிங்கில் நான் விதியை விளக்கிக்கொண்டிருக்கும்போது மாப்பிள்ளை பக்கத்தில் இருப்பவரிடம், எனக்கும் கேட்கிற மாதிரி சொல்வார்:

"மச்சான் ரூல்ஸ் எழுதுவார். வேலை செய்யறதுக்கு நாம இருக்கோம்."

மேஜை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரிப்பேன். வேறென்ன செய்ய?

புதிய பதிப்பு வெளியாக வேண்டிய நேரத்தில் என்னிடம் தனியாக வந்தார். உள்ளே ஆள் உண்டா என்ற விவரத்தைப் படிக்க அவருடைய மென்பொருள் இன்னும் தயாராகவில்லை. ஒரு மாதத்துக்கு மட்டும் அதை விருப்பத்துக்கு மாற்றித் தரச் சொன்னார். அதுவரை உங்கள் மையத்தில் ஒரு பூட்டு போடுங்கள் மச்சான், ஆள் இருக்கிற தொட்டிக்கு வால்வு திறக்கச் செய்தி வந்தால் நடுவிலேயே பிடித்து வையுங்கள் என்றார். அவர் கெஞ்சி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மாற்றிக் கொடுத்தேன். பூட்டும் எழுதினேன். செய்தி வந்தால் பிடித்துவைத்து என் திரையில் கேட்கும்: நிறுத்தவா, விடவா? இதற்கு எங்களுக்குள் எழுத்து எதுவும் கிடையாது. வீட்டு மனுஷரிடம் யார் எழுதி வாங்குவார்கள்? அடுத்த மீட்டிங்கிலேயே மாப்பிள்ளை, பேச்சோடு பேச்சாக, மச்சானிடம் ஒரு சின்ன வேலை கொடுத்திருக்கிறேன், எப்போது முடிப்பாரோ என்றார். அது என்ன வேலை என்று சொல்லவில்லை. சிரிப்பு மட்டும் வந்தது.

டைரக்டர் பார்வையிட வருகிற நாளன்று நான் ஒரு முடிவோடுதான் உட்கார்ந்திருந்தேன். காலியான எட்டாம் தொட்டியில் ஆள் இருப்பதாகச் சொல்லி, வால்வு திறக்காது என்று மாப்பிள்ளை செயல்விளக்கம் காட்டப்போகிறார். பூட்டு என்னைக் கேட்கும். நான் விடு என்பேன். வெறும் தொட்டியில் நீராவி சீறும். டைரக்டர் முன்னால் அவர் முகம் தொங்கும். அவ்வளவுதான் என் ஆசை. சின்னத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

டைரக்டர் வரத் தாமதமானது. அந்த இடைவெளியில் அதே தொட்டியைப் பளிச்சென்று வைக்க யாரோ பல்லியை உள்ளே அனுப்பியிருக்கிறார்கள். பராமரிப்பிலிருந்து முறையாகச் செய்தி வந்தது. நீராவி மென்பொருள் அந்த விவரத்தைத் தள்ளிவிட்டு, வழக்கமான நேரத்துக்கு வால்வைத் திறக்கக் கிளம்பியது. பராமரிப்பு சொன்னதையும் சேர்த்துக் காட்டியபடி பூட்டு பிடித்தது. என்னைக் கேட்டது.

செயல்விளக்கச் செய்தி என்று நினைத்துவிட்டேன். இத்தனை நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டது இதைத்தான்.

பல்லி உள்ளேயே வெந்து செத்த பிறகு பூட்டைத் தடயமில்லாமல் கழற்றினேன். அப்படி ஒன்றை அவர் கேட்கவே இல்லை என்று, ஸ்டேஷனிலிருந்து விசாரிக்க வந்த உங்களிடம் சொன்னேன். நீங்கள் மாப்பிள்ளையைக் கூட்டிப்போனீர்கள். தங்கை தினமும் என் வீட்டுக்கு வருகிறாள். வக்கீலுக்காக நான் அலைகிறேன் என்று நம்புகிறாள். நேற்று கேட்டாள்.

"அண்ணா, அவரைப் பார்க்கப் போனா பூட்டு பூட்டுன்னே சொல்றார். அது என்னண்ணா?"

"பதட்டத்துல ஏதோ உளர்றாரும்மா."

தலையாட்டினாள். எனக்குக் காபி போட்டுக் கொடுத்துவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். அந்த டம்ளரை என்னால் தொட முடியவில்லை. அதனால்தான் காலையிலேயே இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன். அவள் முகத்தில் இனி எப்படி விழிப்பேன் என்று தெரியவில்லை. பல்லியின் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று இன்றுவரை நான் விசாரிக்கவில்லை. அதுவும் வெட்கம்தான்.

முழுசாகச் சொல்லிவிடுகிறேன். என் விதிப்படி எல்லாச் செய்தியிலும், இது சோதனையா இல்லையா என்று ஒரு விவரம் கட்டாயம் இருக்கும். அந்தச் செய்தியிலும் இருந்தது. சோதனை: இல்லை. தொட்டிக்குள் ஆள்: உண்டு. இரண்டையும் படித்தேன். அப்போது பக்கத்து அறையில் மாப்பிள்ளை ஏதோ சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள். என்ன சொன்னார் என்றுகூட எனக்குக் கேட்கவில்லை. விடு என்று அழுத்தினேன்.

இனி அவரை வெளியே விட்டுவிடுவீர்கள். விடும்போது என் சார்பில் ஒன்று மட்டும் சொல்லுங்கள். பூட்டு நன்றாகவே வேலை செய்தது, ஒரு பிழையும் இல்லை. மச்சானுக்கும் வேலை செய்யத் தெரியும் என்று சொல்லுங்கள்.