கவ்வாத்து என்று சொல்லிச் சிரித்தார்கள்

பெயர்: ஆண்டியப்பன் நாகலெட்சுமி. வயது: 31. தொழில்: கொழுந்து பறித்தல். விலாசம்: மேல் பிரிவு லயம், அக்கரப்பத்தனை. 2009ஆம் ஆண்டு பொலிஸ் நிலையத்தில் தமிழில் சொல்லப்பட்டுப் பதியப்பட்டது.

நான் மேற்படி விலாசத்தில் என் தங்கை ஜீவராணியுடன் வசிக்கிறேன். அவள் தோட்டப் பாடசாலையில் தொண்டர் ஆசிரியை. கொழும்பில் வேலை செய்யும் முத்துலிங்கம் என்பவருக்கு அவளை நிச்சயம் செய்திருந்தோம். அவருக்கு ஈமெயில் அனுப்ப ஹட்டனில் உள்ள நெட் கடைக்குப் போய் வருவாள். அவளுக்கு ஈமெயில் கணக்கைத் திறந்து கொடுத்தவர் கடையில் நிற்கும் நிரோஷன்.

கடந்த திங்கட்கிழமை காலை நான் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போகும்போது வழியில் நின்ற இளைஞர்களில் ஒருவர், "அக்கா, உங்க பக்கம் கவ்வாத்தாமே" என்று கேட்டார். எங்கள் மலையில் தேயிலைச் செடிகளைக் கிளை கழித்துக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்ததால், "ஆமாங்க, இன்னும் முடியல" என்று நான் பதில் சொல்ல, அவர்கள் சிரித்தார்கள்.

அதன் பின்னர் மதியம் கொழுந்து நிறுக்கும் இடத்தில் ராக்காயி என்பவர் என்னைத் தனியே அழைத்து, தன் மகனின் போனில் தங்கையின் படம் இருப்பதாகச் சொல்லி அதைக் காட்டினார். அது முத்துலிங்கத்துக்கு மட்டும் அனுப்பிய படம். அதில் தங்கை தலைமுடியை அவிழ்த்து விட்டிருந்தாள். அவள் எழுதியவையும் சுற்றுவதாக ராக்காயி சொன்னார். காலையில் அந்த இளைஞர்கள் சொன்ன கவ்வாத்து என்றால் என்னவென்று நான் கேட்டேன்.

"ஒருத்தரோட ஈமெயிலைத் தொறந்து உள்ள உள்ளதை எல்லாம் எடுத்து ஊருக்கு விடுறதுக்கு அதாங்க பேரு. எலை இல்லாம செடி குச்சியா நிக்குமில்ல, அப்படி. நிரோஷன்தான் மொதல்ல சொன்னானாம். அவங்கப்பா கவ்வாத்து வெட்டுறவரு" என்றார்.

அதன் பின்னர் மறுநாள் நான் ஹட்டனுக்குப் போய் நிரோஷனிடம் கேட்டேன். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, "நான் ஒண்ணும் பண்ணலீங்க. திரும்பத் துளிர்த்துடும், போங்க" என்றார். பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை ஈமெயில் அனுப்பிக்கொண்டிருந்தாள். அவளிடம் ஏதாவது சொல்ல நினைத்து, சொல்லாமல் வந்துவிட்டேன்.

அதன் பின்னர் முத்துலிங்கத்தின் வீட்டார் நிச்சயத்தை முறித்தார்கள். தங்கை அழவில்லை. நேற்று பாடசாலைக்குப் போனாள். கரும்பலகையில் பிள்ளைகள் அந்தச் சொல்லை எழுதி வைத்திருந்ததாகவும், அவள் அதை அழித்துவிட்டுப் பாடம் நடத்தியதாகவும் அறிந்தேன். பாடசாலை விட்ட பின்னர் வீட்டுக்கு வரவில்லை. நானுஓயா ரயில் ஸ்டேஷனில் ஒருவர் அவளைக் கண்டதாகச் சொல்கிறார்.

தேடுவதற்கு அவளுடைய படம் ஒன்று தரும்படி பொலிசார் கேட்டார்கள். படம் தர எனக்கு விருப்பமில்லை. அவள் மாநிறம், என்னைவிட உயரம், இடது புருவத்தில் தழும்பு உண்டு, நீல நூல் சேலை உடுத்தியிருந்தாள். இதை வைத்துத் தேடித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னபடியே உள்ளது, அனைத்தும் உண்மை என ஏற்றுக் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) ஆ. நாகலெட்சுமி