நூற்றறுபதில் நின்ற முள்

எழுதுகிறவரை அவசரப்படுத்த வேண்டாம், ஐயா. விரல் வலித்தால் நிறுத்திக்கொள்ளட்டும். எனக்கு எங்கும் போகிற வேலை இல்லை.

என் பெயர் தேவராஜ். பூந்தமல்லியில் பரந்தாமன் முதலாளியின் பஸ் ஷெட்டில் ஒன்பது வருஷமாக மேஸ்திரி. என் கை பட்ட வண்டி வழியில் நின்றது என்று அதுவரை ஒருவரும் சொன்னதில்லை. அதையும் எழுதிக்கொள்ளட்டும்.

யுத்தம் முடிந்ததும் ஆவடியில் பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டார்கள். முதலாளி ஒரு லாரி எஞ்சினை ரேடியேட்டரோடு எடுத்துவந்தார். நம் பஸ்ஸில் ஏற்றினால் ஓடுமா என்று கேட்டார். ஓடும் என்றேன். பத்தே நாளில் ஏற்றினேன். ஒரு தவறு செய்தேன். எஞ்சினை நான்கு விரற்கடை பின்னால் தள்ளி உட்கார வைத்துவிட்டேன். அதனால் விசிறி ரேடியேட்டரை விட்டு விலகி நின்றது, காற்றை இழுக்கவில்லை. எஞ்சின் சூடேறியது. திருத்துவதென்றால் மறுபடி எஞ்சினைக் கழற்ற வேண்டும். கழற்றினால் ஏன் என்று கேட்பார்கள்.

இந்த நிலையில்தான் முதலாளி தண்ணீர்ச் சூடு காட்டும் மீட்டரை மாட்டச் சொன்னார். அதன் ஒரு முனையில் சுண்டுவிரல் பருமனில் ஒரு குமிழ். மறுமுனையில் முள். நடுவே நூல் போல ஆறடிச் செம்புக் குழாய். குழாயை வெட்டவும் கூடாது, ஒடிக்கவும் கூடாது. உள்ளே அடைத்திருப்பது வெளியேறினால் மீட்டர் செத்துப்போகும். குமிழ் எஞ்சினுக்குள் தண்ணீரில் முங்கி நிற்க வேண்டும். பட்டாளத்து எஞ்சினில் இருந்த துளையோ பெரிது. துளைக்குள் குமிழை இறுக்கிப் பிடிக்கப் பித்தளையில் ஒரு குழல், புஷ் என்போம், கடைந்தேன், ஒழுகியது. இன்னொன்று கடைந்தேன், முறுக்கி ஏற்றும்போது மரை தேய்ந்து உருண்டது. மூன்று நாள், ஐயா. நகக்கண்ணில் ரத்தம். நான்காம் நாள் சொட்டுத் தண்ணீர் கசியாமல் உட்கார்ந்தது. அத்தனை பாடுபட்டு நான் மாட்டிய அந்த மீட்டர், முதல் ஓட்டத்திலேயே என்னைக் காட்டிக்கொடுத்தது.

டிரைவர் செங்கல்வராயனை உங்களுக்குத் தெரியும். வெளியே ஸ்டேஷன் வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறான். தினமும் ஷெட்டுக்குள் நுழையும்போதே நாலு பேர் கேட்கிற மாதிரி ஆரம்பிப்பான்.

"இன்னா மேஸ்திரி, முள்ளு இருநூறைத் தாண்டிகினு போவுது. ஒன் வேல சரியில்லன்னு நான் சொல்லல நைனா, ஒன் மீட்டருதான் சொல்லுது."

எல்லோரும் சிரிப்பார்கள். இருநூற்றுப் பன்னிரண்டில் தண்ணீர் கொதிக்கும் என்பதால், முள் ஏறினால் அவன் நசரத்பேட்டையில் வண்டியை நிறுத்தி, முள் இறங்கும் வரை அரை மணி காத்திருப்பான். பஸ் தாமதம். ஜனங்கள் முணுமுணுப்பு. கடைசியில் முதலாளி என்னை அழைத்து, இன்னும் ஒரு வாரம் பார்ப்பேன், அப்புறம் வேறு மேஸ்திரி என்றார்.

நசரத்பேட்டை நிறுத்தத்தில் செங்கல்வராயனின் சம்சாரம் கன்னியம்மா கூழ் விற்பாள். வண்டி நின்றதும் குடத்தில் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவருவாள். அவன் இருக்கையை விட்டு இறங்குவதில்லை. மீட்டரைப் பார்த்து எண்ணைச் சொல்லுவான். தொற என்றால் அவள் ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஊற்றுவாள். மூடிக்குக் கீழே ஸ்பிரிங் உண்டு. நம் பழைய வண்டிகளின் மூடி போலல்ல, ஆவியை உள்ளேயே அடைத்துவைக்கும்; கொதிக்கும்போது திறந்தால் வெந்நீர் மேலே பீறிடும். முள்ளை ஒருவர் பார்க்க, மூடியை இன்னொருவர் திறப்பது அவர்கள் வழக்கம். எனக்கு அது தெரியும். இரண்டு முறை அந்த வண்டியில் போய்ப் பார்த்திருக்கிறேன்.

நான்காவதாக ஒரு புஷ் கடைந்தேன். இரண்டு அங்குலம் நீளம், நுனி அடைத்தது, உள்ளே சூட்டைத் தடுக்கும் கல்நார்க் கயிறு சுற்றியது. குமிழ் அதற்குள் உட்கார்ந்திருக்கும், தண்ணீரைத் தொடாது. ஒன்பது வருஷத்தில் நான் கடைந்ததிலேயே சுத்தமான வேலை அது. அன்றுமுதல் எஞ்சின் எவ்வளவு சூடேறினாலும் முள் நூற்றறுபதுக்கு மேல் போகவில்லை. செங்கல்வராயன் ஷெட்டுக்கு வந்து, ஜெயிச்சுட்ட அண்ணாத்தே என்று கைகொடுத்தான். முதலாளி டீ வாங்கிக்கொடுத்தார். பதினோரு நாள் ஒருவரும் ஒரு குறை சொல்லவில்லை. அந்த நாட்களில் கூட்டம் குறைவு, கொதிக்கிற அளவுக்குப் போகவில்லை.

பன்னிரண்டாம் நாள் சித்திரை வெயில். கல்யாணக் கூட்டம், வண்டிக்குள் நிற்க இடமில்லை. நானும் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சென்னீர்குப்பம் தாண்டும்போதே எஞ்சின் தட்டத் தொடங்கியது. பெயின்ட் காய்கிற வாசனை வந்தது. செங்கல்வராயன் முள்ளைப் பார்த்தான், நிம்மதியாக ஓட்டினான். தண்ணீர் என்ன நிலையில் இருக்கிறது என்று அந்த வண்டியில் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

நசரத்பேட்டையில் கன்னியம்மா குடத்தோடு வந்தாள். அவன் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "நூத்தறுபதுதான், தொற" என்றான். அவள் முந்தானையைச் சுருட்டி மூடியில் வைத்தாள். உடனே கையை எடுத்துவிட்டாள்.

நீங்கள் கேட்பது புரிகிறது, ஐயா. அவள் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் உயிரோடு இருந்தபோது சொன்னதையும் கேட்டிருப்பீர்கள். ஆமாம், அவள் என்னைத்தான் கேட்டாள். நான் மேஸ்திரி அல்லவா.

"மூடி நெருப்பாட்டம் கீதேண்ணா. தொறக்கலாமா?"

அப்போது நிழலுக்கு இறங்கியிருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். செங்கல்வராயனும் பார்த்தான். அவன் உதட்டில் பழைய சிரிப்பு தொடங்குவது போலத் தெரிந்தது.

"மீட்டர் நான் மாட்னதும்மா," என்றேன். "தைரியமா தொற."

அவளிடம் எனக்கு ஒரு விரோதமும் கிடையாது. பொறுமையான பெண். ஆனால் வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தால், என் வேலை சரியில்லை என்று அத்தனை பேருக்கும் தெரிந்துபோயிருக்கும். நீங்களே சொல்லுங்கள், ஐயா, உங்களால் அதைப் பொறுத்துக்கொள்ள முடியுமா?