மூணு வாரமா விழுந்த கோடு

ஸ்கேன் படத்துல கோடு விழுந்துச்சு சார். மூணு வாரமா. யார் தலைய வெச்சாலும் கோடு. வெறும் தண்ணி பாட்டில வெச்சாலும் கோடு.

எழுந்துக்காத சார். படுத்தே இரு. ஷண்முகப்ரியா மேடம் வெளிய கம்ப்யூட்டர்ல படத்தப் பார்த்துக்கினு கீறாங்க. சரியில்லன்னா இன்னொரு தபா எடுக்கணும். தலை துளி நகந்தாலும் மொதல்லேர்ந்து ஆரம்பம். வாய அசைச்சா தலையும் அசையும். அதனால நான் பேசறேன், நீ சும்மா இரு. நான் பேசற ஆளும் இல்ல. நாப்பது வருஷமா ஹீலியம் ஊத்தறேன், மூடறேன். அதுக்கு வாய் எதுக்கு?

உன் தலைக்கு மேல தொங்குதே பீப்பா, அதுக்குள்ளதான் சென்சார். நகத்தளவுதான் இருக்கும். நான் ஊத்தற ஹீலியத்துல, மைனஸ் இருநூத்தி அறுபத்தொம்போது டிகிரியில முக்கி வெச்சாத்தான் துரை வேலை செய்வாரு. பெரிய ஆஸ்பத்திரி மெஷின்லாம் ராட்சசக் காந்தம். உன் மண்டைக்குள்ள பழைய ஆபரேஷன்ல போட்ட இரும்புக் கிளிப் கீதுன்னதும் மூணு எடத்துல வாசலோட அனுப்பிட்டாங்களாமே. இழுத்துடும்னு பயம். இங்க அந்த பயம் இல்ல. ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டற பொம்மைகூட இதவிட முரட்டுக் காந்தம். ஆனா காந்தம் கம்மின்னா தலைக்குள்ளேர்ந்து வர்ற சத்தமும் கம்மி. அதக் கேக்கத்தான் இந்தக் கூர் காது. இவ்ளோ கூரா இருந்தா ஊர் வம்பும் சேர்ந்து கேக்கும்ல? அதான் சுத்தியும் செம்புத் தகடு அடிச்ச ரூம்.

தெரியும் சார். கிளிப்புக்குப் பக்கத்துல இன்னா வளருதுன்னு பார்த்துட்டுத்தான் தலையத் தொறக்கறதா வேணாமான்னு சர்ஜன் நாளைக்கு சொல்லுவாரு. உன் சம்சாரம் வெளிய பெஞ்சுல உக்காந்துகினு கீது. இத்தோட மூணாவது நாள்.

நானும் சும்மா இல்ல. மொதல்ல ரயில்னேன். கோட்டூர்புரம் ஸ்டேஷன் பக்கத்துல இருந்தா வேற இன்னா சொல்லுவேன்? மொட்ட மாடியில குடையப் புடிச்சிக்கினு ரயில் போற டைம் பூரா எழுதினேன். மழையில வேளச்சேரி ரயிலே ஓடாத அன்னிக்கும் கோடு விழுந்துச்சு.

அப்பறம் பக்கத்து ஃபிளாட் தண்ணி மோட்டார். செக்ரெட்டரி விஜயலக்ஷ்மி அம்மாவாண்ட போய், காலைல மோட்டார் போடாதீங்கன்னேன். "உங்க மெஷினுக்காக நாங்க குளிக்காம இருக்கணுமா?"ன்னாங்க. ஒரு நாள்தானேன்னேன். எட்டு நாள் ஆச்சு. பாதிப்பேர் சென்ட் அடிச்சிக்கினு ஆபீஸ் போனாங்க. கோடு அப்டியே கீது.

அப்பறம்... நீ. "ராஜகோபாலன் சார் மண்டைதான் கோளாறு, கிளிப்பு கெடுக்குது, இனிமே வரவேணாம்னு சொல்லிடுங்க"ன்னு மேடத்தாண்ட சொன்னேன். போன வாரம். உன் காதுல விழற மாதிரிதான் சொன்னேன். "தண்ணி பாட்டிலுக்கு ஏது கிளிப்பு?"ன்னாங்க மேடம். டீ குடிக்கப் போய்ட்டேன்.

மொறைக்காத சார். புருவம் அசையுது.

சரி, கேளு. ஆயுத பூஜை வந்துச்சில்ல. பொட்டு வெக்காம நான் எந்த மெஷினையும் தொட்டதில்ல. மேடம் மெஷின் மேல ஒரு துளி குங்குமம் படக்கூடாதுன்னுட்டாங்க. கதவப் பத்தி ஒண்ணும் சொல்லல. அந்தக் கதவு ஓரத்தப் பாத்தியா... பாக்காத, திரும்பாத. நானே சொல்றேன். சுத்திவர சீப்புப் பல்லு மாதிரி செம்பு கீது. கதவ மூடினா அந்தப் பல்லு சட்டத்த ஒட்டிப் புடிச்சிக்கணும். பளபளன்னு இருந்துச்சு. சந்தனத்தக் கெட்டியாக் கொழைச்சு, மேலேர்ந்து கீழ வரைக்கும் பதினோரு எடத்துல அப்பினேன். நடுவுல குங்குமம். அழகாத்தான் இருந்துச்சு.

காஞ்சு சுண்ணாம்பு மாதிரி ஆய்டுச்சு. கதவு மூடுது, செம்பு செம்பத் தொடல. பதினோரு சந்து. ஊர்ல கீற ரேடியோ, செல்போன் எல்லாம் பூந்து சென்சார் காதுல கத்துது. நான் மாடியில ரயில் எண்ணிக்கினு கீறேன்.

நேத்து பாத்ரூம் போய்ட்டு வந்து பார்த்தா, பெருக்கற அம்மா கதவாண்ட குந்திக்கினு, புளி வெச்சுத் தேய்க்கிது. "யாரக் கேட்டுத் தொட்ட?"ன்னு கத்தினேன். "இன்னாண்ணே, ஊட்ல விளக்குக்கு வெச்ச பொட்டையே மறுநா தேய்ச்சிடுவோம். நீ மூணு வாரமா இத ஊற வெச்சிக்கினு கீற. செம்பு பச்சை பூத்துடுச்சு பாரு"ன்னுச்சு. பல்லு பல்லா தேய்ச்சு, ஈரத்துணி, காஞ்ச துணின்னு தொடச்சிட்டுப் போய்டுச்சு. சாயங்காலம் தண்ணி பாட்டில வெச்சுப் பார்த்தோம். கோடு இல்ல. "எப்டிண்ணே சரி பண்ணீங்க?"ன்னாங்க மேடம். கதவ டைட் பண்ணேன்னேன்.

இரு, கதவு தட்றாங்க.

இன்னா மேடம்? ஒரு கோடுகூட இல்லியா? கிளிப்பாண்ட? தெளிவா கீதா... சரி.

எழுந்துக்க சார். மெதுவா. படம் சர்ஜனுக்குப் போய்க்கினு கீது. வெளிய போய் சம்சாரத்தாண்ட சொல்லு. கைய நீட்டாத. எனக்குக் குடுக்கற கை இல்ல அது. மெஷின் ரிப்போர்ட்ல கோளாறை சரி செய்தவர் பொன்னுரங்கம்னு மேடம் போட்டு வெச்சிகீறாங்க. இன்னிக்குக் கையெழுத்து போடணுமாம். தள்ளு, நான் போய் என் பேர அடிச்சிடச் சொல்றேன். செஞ்சது யாருன்னு கேப்பாங்க.

சுப்பம்மா.