வால் வச்ச இருபது

எவன் அவன்? அதைச் சொல்லுங்க மாஸ்டர் முதல்ல. இந்த இரும்புத் தட்டை உங்க ஜிம்முக்கு வித்தவன் எவன்? இருபது கிலோன்னு வெள்ளை பெயிண்ட்ல கூசாம எழுதி வச்சிருக்கான் பாருங்க. அந்த இருபதுல வர்ற ரெண்டுக்கு வால் வேற, பல்லி வால் மாதிரி சுருட்டி. பொய் சொல்றவனுக்கு அலங்காரம் ஒண்ணுதான் குறைச்சல்.

நீங்க ஷட்டரை முழுசாத் தூக்குங்க, தராசை உள்ள இறக்கணும். என் கடைத் தராசுதான். எதுக்கா? பழைய இரும்புக்கடைக்காரன் காலங்காத்தால ஜிம்முக்குத் தராசைத் தூக்கிட்டு வந்தா பூ நிறுக்கவா வருவான்? அந்தப் பக்கம் பிடிங்க. முதுகை வளைக்காதீங்க, இடுப்பைப் பின்னால தள்ளுங்க. நீங்க சொல்லிக்குடுத்ததுதானே, உங்களுக்கே திருப்பித் தர்றேன்.

ம், வைங்க தட்டை. முள்ளைப் படிங்க. சத்தமாப் படிங்க, எனக்குக் கண்ணாடி இல்ல. பதினேழரை. அடுத்தது? அதுவும் பதினேழரை. இப்பப் பத்துன்னு எழுதினது. ஒம்பது. அதோட ஜோடி? ஒம்பது. தட்டு மாட்டற கம்பியை வைங்க. இருபது, சுத்தமா இருபது. இந்த ரூம்ல யோக்கியமான இரும்பு அந்தக் கம்பி ஒண்ணுதான்.

தராசு மேல சந்தேகமா? நியாயம். என்கிட்ட வியாபாரம் பண்ணின எல்லாரும் பட்ட சந்தேகம்தான், கோவிச்சுக்க மாட்டேன். நீங்களே ஏறி நில்லுங்க. அறுபத்தெட்டு. நேத்து இங்க மெஷின்ல எவ்வளவு காட்டுச்சு? அறுபத்தெட்டுதானே. அப்புறம் என்ன.

எனக்கு எப்படித் தெரியும்னு கேக்கறீங்களா? முப்பது வருஷமா இரும்புல கெடக்கறேன் மாஸ்டர். படிச்சது எட்டாவது வரைக்கும், அதுலயும் பாதி நாள் வெளியில முட்டிபோட்டு. ஆனா ஒரு துண்டைக் கையில வாங்கினேன்னா முள்ளு நிக்கறதுக்குள்ள எடையைச் சொல்லிடுவேன். முதல் நாள் நீங்க இந்தத் தட்டை என் கையில குடுத்தப்பவே கை சொல்லிடுச்சு. அப்பவே ஏன் வாயைத் திறக்கலன்னா, வர்றேன், அதுக்குத்தான் வர்றேன். பேரம் பேசறவன் எடுத்த எடுப்புல கடைசி விலையைச் சொல்லுவானா?

அந்த முதல் நாள் ஞாபகம் இருக்கா? பன்னெண்டு தடவை உட்கார்ந்து எந்திரிங்கன்னீங்க. நான் எட்டுன்னேன். உங்க முகத்தைப் பார்க்கணுமே. ஜிம்முல பேரம் பேசினவன் நான்தான் முதல் ஆளுன்னு சொன்னீங்க. கடைசில பத்துல முடிஞ்சுது. முழங்கையை ஊனிக் கட்டை மாதிரிக் கிடக்கறது ஒரு நிமிஷம்னீங்க, அதை நாப்பது வினாடிக்கு வாங்கினேன். ரெண்டு கையிலயும் வெயிட்டைப் பிடிச்சுட்டு நடக்கறதுல மட்டும் பேரமே பேசல. உங்க வாலிபப் பசங்க பாதி வழியில போட்டுட்டு மூச்சு வாங்கறாங்க, நான் ரெண்டு சுத்துப் போயிட்டு வந்து, தூக்கிட்டு நிக்கும்போதே டீ இருக்கான்னு கேட்டேன்.

எம் பொண்ணுகூட மலைச் சைக்கிள் ஓட்டத்தான் இங்க சேர்ந்தேன், அதுக்குக் கால் போதாதான்னு கேட்டேன் உங்களை. அவகிட்ட அதையே கேட்டதுக்குச் சிரிச்சா. மலைச் சைக்கிள்னா ஏறும்போது காலு, இறங்கும்போது உடம்பு பூரா. சீட்ல உட்காரவே கூடாது, இடுப்பைப் பின்னால தள்ளி முழங்காலை மடக்கி நிக்கணும். கல்லுல சக்கரம் குதிக்கும்போது கையும் தோளும் அந்த அடியை வாங்கணும். விரல்ல பிடி விட்டா பிரேக் இல்ல, பிரேக் இல்லன்னா ஆளே இல்ல. எனக்கு இதுல பாதி அவ சொன்னது, பாதி நீங்க சொன்னது, மீதி என் முட்டி சொன்னது.

அவ ஒரு சட்டம் வச்சிருக்கா, தெரியும்ல? அவகூட அந்தப் பெரிய மலைக்கு வரணும்னா வர்றவங்க தங்க உடம்பு எடை அளவு இரும்பைத் தரையிலேருந்து மூணு தடவை தூக்கிக் காட்டணும். போன வருஷம் கூட்டாளி ஒருத்தியைக் கூட்டிட்டுப் போனாளாம். பாதிவழில ஒரு பாறை ஏத்தம், அங்க சைக்கிளைத் தோள்ல போட்டுக்கிட்டுத்தான் ஏறணும். அந்தப் பொண்ணால முடியல. இவ ரெண்டு சைக்கிளையும் மாத்தி மாத்திச் சுமந்து, இருட்டறதுக்குள்ள கீழ வந்து சேர்ந்ததே பெரிய பாடு. அன்னைலேருந்து சட்டம் சட்டம்தான். நான் ரெண்டு தடவைக்கு இறங்கி வரக் கூடாதான்னு கேட்டேன். செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டா. என் ரத்தம்தானே, எங்கிருந்து படியும்.

நான் எதுக்கு இந்த வயசுல மலையேறணும்னு எல்லாரும் கேக்கறாங்க. எம் பொண்டாட்டி கேட்டா, கடைப் பையன் கேட்டான், நீங்க கேக்கல, உங்களுக்கு நல்ல மனசு. அவ சின்னப் புள்ளையில பள்ளிக்கூட விழான்னா கடைக்கு லோடு வந்திருக்கும். அவ முதல் பந்தயம்னா ஏலம் இருக்கும். இவ எங்க போறா, என்ன பார்க்கறான்னு ஒண்ணும் தெரியாமலே இருபத்தாறு வயசாயிடுச்சு அவளுக்கு. அஞ்சு மாசம் முன்னாடி சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது சும்மா ஒரு வார்த்தை கேட்டேன், நானும் ஒருநாள் வரட்டுமான்னு. வேண்டாம்னு சொல்லல மாஸ்டர். எடையைத் தூக்குங்கன்னா. எனக்கு அது போதும்.

வியாழக்கிழமை நீங்கதானே வீடியோ எடுத்தீங்க. கம்பி இருபது, பெரிய தட்டு ரெண்டு, சின்னத் தட்டு ரெண்டு. எண்பது. என் எடை எழுபத்தாறு. நாலு கிலோ கூடுதலாவே தூக்கியிருக்கேன்னு நீங்க கை தட்டினீங்க. அவளுக்கு அனுப்பினேன். ஞாயித்துக்கிழமை அஞ்சரைக்கு ரெடியா இருங்கப்பான்னு பதில் வந்துச்சு. அந்த ஒத்தை வரியைக் கடையில எத்தனை பேர்கிட்டக் காட்டியிருப்பேன்னு நினைக்கறீங்க? செம்பு விக்க வந்தவனைக்கூட விடல.

இப்பத் தராசுல வச்சுக் கூட்டுங்க. இருபது, முப்பத்தஞ்சு, பதினெட்டு. எழுபத்து மூணு. மூணு கிலோ குறைச்சல். ஆமா, தூக்கும்போதே தெரியும். கை சொல்லுச்சு, வாய் கேக்கல. எழுதினபடி எண்பது, நான் ஏன் குறுக்க பேசணும்னு விட்டுட்டேன்.

விட்டது விட்டதாவே இருந்திருக்கும். நேத்துச் சாயங்காலம் அவ நோட்டை எடுத்துட்டு வந்து என் பக்கத்துல உட்கார்ந்தா. போன மாசப் பந்தயத்துல நாலாவதா வந்தாளே, அது ஏன்னு நோட்டைத் திரும்பத் திரும்பப் பார்க்கறா. தூக்கினது, எத்தனை தடவை, எந்த நாள், எல்லாம் எழுதியிருக்கா. நூறு தூக்கியிருக்கேன்பா, நூறு தூக்கற காலு கடைசி ஏத்தத்துல அப்படிச் செத்துப் போகக் கூடாது, எங்க விட்டேன்னே தெரியலன்னா. அவளோட நூறு எவ்வளவு மாஸ்டர்? இங்க அவ தூக்கறது இதே கம்பி, இதே பெரிய தட்டு நாலு. போடுங்க கணக்கை. தொண்ணூறு. ரெண்டு வருஷமா தொண்ணூறைத் தூக்கிட்டு நூறுன்னு எழுதிக்கிட்டு இருக்கா எம் பொண்ணு, தப்பு தன் உடம்புலன்னு நினைச்சுக்கிட்டு. சாப்பிடும்மான்னு சொல்லிட்டு எந்திரிச்சுட்டேன்.

பழைய ஓனரா? அவரை ஏன் இழுக்கறீங்க, பாவம், நல்ல மனுஷன். ஜிம்மை உங்களுக்குக் குடுத்துட்டு எங்கயோ நிம்மதியா இருக்காரு. அவர் வாங்கினவர். எழுதினதை நம்பினவர். நீங்களும் அப்படித்தான்.

வெளிய என் வண்டி நிக்குது பாருங்க. கதவுல கடை போன் நம்பர் எழுதியிருக்கும். அதுல ரெண்டுங்கற எண் மூணு இடத்துல வருது. அந்த ரெண்டுக்கெல்லாம் வால் எப்படி இருக்கு?

ம். எங்க பெயிண்டர் எப்பவும் அப்படித்தான் போடுவாரு.

இந்தத் தட்டெல்லாம் ஏதோ மில்லுல கழட்டிப் போட்டு என் கடைக்கு வந்த வட்டு. பதினாலு வருஷம் ஆச்சு. நடுவுல ஓட்டை போட்டு, கறுப்பு அடிச்சு வச்சோம். என்ன எழுதணும்னு பெயிண்டர் கேட்டாரு. பெருசுல இருபது போடு, சின்னதுல பத்துப் போடுன்னேன். நிறுத்துட்டுப் போடலாமேன்னாரு அந்த ஆளு. ஜிம்முல எவன்யா நிறுக்கப் போறான், எழுத்தைப் பார்த்துத்தானே தூக்குவான்னேன். அன்னைக்கு அவளுக்குப் பன்னெண்டு வயசு. பக்கத்து ரூம்ல உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கிட்டு இருந்தா.

சிரிக்காதீங்க மாஸ்டர். சரி, சிரிங்க. உப்பைத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தானே ஆகணும்.

எட்டு மணிக்கு அவ வந்துடுவா. வண்டில கறுப்பு ஒரு டப்பா, வெள்ளை ஒரு டப்பா, பிரஷ் ரெண்டு இருக்கு. ஒன்றரைக் கிலோவுல ரெண்டு துண்டும் இருக்கு, நீங்களே நிறுத்துப் பார்த்துக்குங்க. நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க. அந்த வித்தவனை விடாதீங்க. இதே தரையில உட்கார வச்சு, அவ பார்க்கப் பார்க்க, ஒவ்வொரு தட்டா இருபதை அழிச்சுட்டுப் பதினேழரைன்னு எழுதச் சொல்லுங்க. ஏன்னு அவ கேட்டா அவனே பதில் சொல்லட்டும், நீங்க வாயைத் திறக்காதீங்க. எழுதி முடிச்சதும் அந்த ரெண்டு துண்டையும் சேர்த்துக் கம்பியில எழுபத்தாறு மாட்டுங்க. நிஜ எழுபத்தாறு. மூணு தடவை தூக்கணும் அவன். ரெண்டுல முடிச்சுக்கலாமான்னு பேரம் பேசுவான். ஒத்துக்காதீங்க.